இரட்டைக் குவளையும் இரட்டை இயங்குதளமும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. வேண்டுமானால் இன்னும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளலாம், பிறகு விண்டோஸ் 11க்கு வந்துவிட வேண்டும் என்கிறது. 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2011இல் தொடங்கித் தமிழக அரசு மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறாது. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் பல வீடுகளில் இருக்கும் ஒரே கணினி அதுதான். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது, தம்பி கையில் வந்து, இப்போது அக்காவின் பிள்ளை கார்ட்டூன் பார்க்கிறது.

எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் தேதி குறித்தால் நம் வீட்டுக் கணினி குப்பை. அந்தக் குப்பை எங்கே வரும்? இந்த மாநகரத்தின் மற்ற குப்பை வரும் இடத்துக்கே வரும். கொடுங்கையூர் எங்களுக்குத் தூரமில்லை.

சாதிக் கொலைகள் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் லினக்ஸ் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒரு தோழர் எங்களைக் கேட்டார். இந்தப் பதிவு முதலில் அவருக்குத்தான்.

தோழரே, நம் போராட்டத்தில் பாதி காகிதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொல்லும் மனு, தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம், சாதிச் சான்றிதழுக்கான மேல்முறையீடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோது படகு, வலை, வீடு என்று இழந்ததையெல்லாம் பட்டியல் போட்டோம். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மருத்துவமனைக்குப் போனவர்களின் பெயர்களை எழுதினோம். இதையெல்லாம் தட்டச்சு செய்தது நம் வீட்டுப் பழைய மடிக்கணினிகளில்தான். எங்கள் பட்டியலில் ஒன்று வைரஸ் தாக்கி ஒரே இரவில் போய்விட்டது. அந்தக் கணினியில் இருந்தது யாரோ 300 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ். அதற்குத் திருத்தங்களும் வராது, கேட்க நாதியும் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது புகுந்ததும் இப்படித் திருத்தம் போடாத விண்டோஸ்களுக்குள்தான்.

திருட்டு என்ற சொல்லிலேயே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வடசென்னைப் பையன் என்றால் சினிமாவுக்குத் திருடன், ரவுடி. போலீஸ்காரருக்கும் அப்படித்தான். அப்படியிருக்க நம் பிள்ளை படிப்புக்காகத் தொடும் முதல் பொருளிலேயே ஒரு திருட்டை வைத்துக் கொடுக்கிறோம். பர்மா பஜாரில் சிடி விற்ற காலத்திலிருந்து இது யாருக்கும் உறுத்தவில்லை. உரிமத்துக்குக் கட்ட அவனிடம் பணமில்லை, அதனால் கள்ளத்தனமாக வாழப் பழகு என்கிறோம். பணமே வேண்டாம், ஒளிய வேண்டாம், வெளிச்சத்தில் எடுத்துப் போட்டுக்கொள் என்று சொல்லும் இயங்குதளம் 30 ஆண்டுகளாகப் பக்கத்திலேயே இருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல பெயர் அமைந்துவிட்டது: கட்டற்ற மென்பொருள். அரசு கொடுத்ததற்குப் பெயர் 'விலையில்லா' மடிக்கணினி. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நாங்கள் பேசுகிறோம். விலையில்லாதது என்றால் ஒருவர் கொடுக்க வேண்டும், நாம் வரிசையில் நின்று வாங்க வேண்டும், மூடியின் மேல் கொடுத்தவரின் படம் இருக்கும். கட்டற்றது என்றால் எதற்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். உரிமமே அப்படிச் சொல்கிறது. கணினியின் விலைதான் சேரிக்குப் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். விலை ஒரு பிரச்சினைதான். அதைவிடப் பெரியது, நாம் காலங்காலமாகப் பிறர் செய்த பொருளைப் பிறர் சொன்னபடி பயன்படுத்துகிறவர்களாகவே இருப்பது.

நம் முன்னோடிகளுக்கு இது தெரிந்திருந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார், பிறகு கௌதமா அச்சுக்கூடம் என்று நமக்கே ஓர் அச்சுக்கூடமும் வந்தது. அன்றைக்குச் சென்னையில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. 'எங்கள் கோரிக்கையையும் ஒரு மூலையில் போடுங்கள் ஐயா' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுத்துக் கோப்பதும் மை தடவுவதும் விலை வைப்பதும் நம் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இன்றைக்கு எழுத்துக் கோக்கும் பெட்டி மடிக்கணினி. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பது அவர்கள் கேட்ட கேள்விதான்.

தமிழ்நாட்டு அரசுக்குள் இந்தக் கேள்வியைக் காரியமாகச் செய்து பார்த்தவரும் நம்மவர்தான் என்பது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? சி. உமாசங்கர், 1990ஆம் ஆண்டு ஐஏஎஸ். மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளியே கொண்டுவந்தவர். பின்பு திருவாரூர் ஆட்சியராக இருந்து மாவட்ட நிர்வாகத்தைக் கணினிக்கு மாற்றியவர். 2006இல் அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக வந்தார். எல்காட்டின் சொந்தக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றினார். அரசு வாங்கும் கணினிகளிலும் பள்ளிகளிலும் லினக்ஸ் வரவேண்டும் என்று முனைந்தார். 2007 வாக்கில் நாடே அதைப் பற்றிப் பேசியது. அவரை வேறு இடத்துக்கு மாற்றிய பின் அந்த வேகம் இல்லை.

2010 ஜூலையில் அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பட்டியல் சாதிச் சான்றிதழைப் பொய்யாகப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு! பணியில் சேர்ந்து 20 ஆண்டு கழித்து! எதிர்ப்பு எழுந்த பின் சில வாரங்களில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸுக்காக அவரைத் தண்டித்தார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஊழல்களை விசாரித்ததுதான் காரணம் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. பின்னாளில் அவர் எடுத்த எல்லா நிலைப்பாட்டோடும் எங்களுக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் லினக்ஸ் என்றாலே 'அது அவங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கும் தோழர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த மாநிலத்தில் அதை அரசு அலுவலக மேசையில் ஏற்றியவர், சாதிச் சான்றிதழைக் காட்டு என்று கேட்கப்பட்ட ஒரு தலித் அதிகாரி.

அடுத்து 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கினார். கணினிக்குள் இரண்டு இயங்குதளம். ஒன்று விண்டோஸ். மற்றது பாஸ் லினக்ஸ், நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்டது. அதில் சென்னைக்காரர்களின் உழைப்பும் உண்டு. ஆக, நம் வரிப்பணத்தில் செய்த, தமிழில் இயங்கக்கூடிய, யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய இயங்குதளம் ஒவ்வொரு பிள்ளையின் கணினிக்குள்ளும் இருந்தது. யார் திறந்தார்கள்? பள்ளிக்கூடத்தில் அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியருக்கே யாரும் சொல்லித்தரவில்லை. கணினி கடைக்குப் போனதும் 'இது எதுக்குத் தம்பி, இடத்தை அடைக்குது' என்று முதலில் அழித்தது அதைத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014 ஏப்ரலில் அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று அரசே சொன்னது. நீங்கள் போகும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மேசைமேல் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பாருங்கள்.

காகிதத்தில் திறந்து நடப்பில் மூடி வைப்பது நமக்குப் புதிதில்லை. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உண்டு என்று பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923இல். மகாட் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது 1924இல். ஒருவர்கூடப் போய்க் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவ்தார் குளத்தில் இறங்கி, குனிந்து, கையில் அள்ளிக் குடித்தார். பாஸ் லினக்ஸை யாரும் தடியெடுத்துக் காவல் காக்கவில்லைதான். ஆனால் அரசு இரண்டைக் கொடுத்து ஒன்றை மட்டும் பாடமாக்கினால், மற்றது இருந்தும் இல்லாதது.

எங்கள் சொந்த அனுபவத்துக்கு வருகிறோம். திருவொற்றியூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி வகுப்பு நடத்துகிறோம். 14 பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். ஆரம்பத்தில் ஒரு தாய் வந்து நின்றார், கருவாட்டு வியாபாரம் செய்பவர். "இன்னாபா, பெரிய ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஒண்ணு, எங்க புள்ளைங்களுக்கு வேற ஒண்ணா? நல்லது அவங்களுக்கு, ஓசி எங்களுக்கா?" என்று கேட்டார்.

இதைவிட அரசியல் தெளிவுள்ள கேள்வியை எந்த மேடையிலும் நாங்கள் கேட்டதில்லை. டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். 'பழைய மெஷினா, லினக்ஸ் போட்டுக் குடு, ஏழைப் பசங்களுக்கு அது போதும்' என்று பேசும் தொண்டு நிறுவனக்காரர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆப்பிள். அந்தத் தாயின் சந்தேகம் அங்கிருந்து வருகிறது. பதில் சொல்லாமல் லினக்ஸ் புகழ் பாடினால் அது அயோக்கியத்தனம்.

எங்கள் பதில் இது. தனிக் குவளை வைத்தது யார் என்று பாருங்கள் அம்மா. ஏழை நாடுகளுக்கென்று மைக்ரோசாப்ட் ஒரு விண்டோஸ் செய்தது. எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்று பெயர், இந்தியாவிலும் விற்றார்கள். அதில் ஒரே நேரத்தில் 3 நிரல்களுக்கு மேல் திறக்க விடாது. அடுத்து விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் வந்தது, மலிவுக் கணினிகளுக்கு. அதில் திரையின் பின்னால் இருக்கும் படத்தைக்கூட மாற்ற முடியாது. இதைச் செய்ய முடியாமல் இல்லை, வேண்டுமென்றே பூட்டினார்கள். காசு கொடுத்தவனுக்கு ஒரு பதிப்பு, கொடுக்காதவனுக்கு ஒரு பதிப்பு. லினக்ஸில் சேரிப் பதிப்பு கிடையாது. எங்கள் வகுப்பில் 2 ஜிபி ரேம் கணினியில் ஓடும் டெபியன்தான் பெரிய பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலும் ஓடுகிறது. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் இயங்குகின்றன. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருநிரல். அந்தம்மா முழுக்க நம்பினாரா தெரியாது. மகள் இப்போதும் வகுப்புக்கு வருகிறாள்.

'வேலைக்குப் போனால் எக்செல் கேட்கிறானே, டேலி கேட்கிறானே?' கேட்கிறான். துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களிலும் சுங்க முகவர் அலுவலகங்களிலும் அதைத்தான் கேட்கிறார்கள், நம் பிள்ளைகள் அங்கேதான் முதலில் வேலை தேடுகிறார்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் கூட்டல், வடிகட்டல், விலுக்கப் கற்ற பிள்ளைக்கு எக்செலில் உட்கார ஒரு வாரம் போதும். டேலிக்கு ஒரு விண்டோஸ் கணினியை வகுப்பில் தனியாக வைத்திருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் என்றைக்கும் பில் போடும் நாற்காலியில்தான் உட்கார வேண்டுமா? அந்த அலுவலகத்தின் சர்வரைப் பராமரிப்பவருக்குக் கிடைக்கும் சம்பளம் என்ன, அவருக்கு என்ன தெரியும் என்று விசாரியுங்கள். அவருக்கு லினக்ஸ் தெரியும்.

கட்டற்ற மென்பொருள் தோழர்களிடமும் எங்களுக்குச் சண்டை உண்டு. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறீர்கள், சரி. கூடும் இடம்? சென்னையின் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்துக்குள் கூடியது. நுழைவுக் கட்டணம் இல்லை, யாரும் வரலாம். எண்ணூரிலிருந்து மூன்று பேருந்து மாறி, வாயில் காவலரிடம் பெயர் சொல்லி, 2015இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்த வளாகத்துக்குள், ஆங்கிலப் பேச்சைக் கேட்க ஒரு கொருக்குப்பேட்டைப் பையன் வருவான் என்று நினைத்தீர்களா? 'இங்கே சாதி இல்லை, திறமை மட்டும்தான்' என்ற வசனத்தை நாங்கள் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். செய்யத் தெரிந்தவர்கள் செய்தும் இருக்கிறார்கள். பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதிக்கு உள்ளேயே போய் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள், முழுக்க லினக்ஸில். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் குழு கிராமத்து மாணவர்களைத் தமிழிலேயே பழக்குகிறது. 'கணியம்' 2012 முதல் தமிழில் எழுதிக் குவித்து, அதையும் கட்டற்ற உரிமத்தில் கொடுக்கிறது. வடசென்னைக்கும் வாருங்கள். தலைமை தாங்க வேண்டாம், கற்றுக் கொடுங்கள் போதும்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. 2025 மார்ச் பட்ஜெட்டில் 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்து, 2026 ஜனவரியில் மடிக்கணினிகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல கணினி, 8 ஜிபி ரேம். நாங்கள் வரவேற்கிறோம், கேலி செய்பவர்கள் தங்கள் பிள்ளைக்கு முதல் கணினி எத்தனை வயதில் வாங்கிக் கொடுத்தார்கள் என்று யோசிக்கட்டும். இதிலும் விண்டோஸ் 11, பக்கத்தில் பாஸ் லினக்ஸ். பழைய கதைதான். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும் பாரதி மகளிர் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது இயங்குதளத்தைச் சொல்லித்தர ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே? பாடத்தில் இடம் எங்கே? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமும் தேர்வும் ஆண்டுக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கின்றன. அங்கே முடிவது சமூகநீதி பேசும் தமிழ்நாட்டில் ஏன் முடியவில்லை? அரசு அலுவலகக் கோப்புகளை முதலில் ஒழுங்காக யூனிகோடில் கொடுங்கள். 2010லேயே ஆணை போட்டுவிட்டு, இன்றும் வானவில் எழுத்துருவில் தட்டிய தகவல் உரிமைப் பதிலை அனுப்பினால் அதைத் திறக்கவே நாங்கள் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

மாற நினைப்பவர்களுக்குச் சில விவரம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதிலிருந்தே கணினியைக் கிளப்பி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். ரேம் 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, 2 ஜிபி என்றால் லுபுண்டு. மிகப் பழைய 32-பிட் கணினிக்கு டெபியன் 12 எடுங்கள், 2025இல் வந்த 13இல் அதற்கான நிறுவி இல்லை. ஹார்டுடிஸ்கை மாற்றிச் சின்ன எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ரிச்சி தெருவில் பழையதும் கிடைக்கும், ஆனால் சோதித்து வாங்குங்கள். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே உண்டு. சில மாடல்களில் வைஃபை உடனே வேலை செய்யாது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுத்து, அதற்கான டிரைவரை இறக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முதல் கணினியில் இதற்கே ஒரு பகல் போனது.

ஞாயிறு காலை 10 மணிக்கு வகுப்பு. பழைய படங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் முதலில் வேறு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம், எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று போன வாரம் எரிந்துவிட்டது.